கல்குவாரிகளில் அபாயத்தைக் காணலும் எடுத்துரைத்தலும்

தை, மாசியில் அறுவடை முடிந்து கிணறுகளில் நீர் இறங்கிய பின்னர், மலையடிவாரத்துக் கிராமங்களில் குடியானவர் பலர் ஏரை மூலையில் சார்த்திவிட்டுக் கல்குவாரிக்குச் செல்கின்றனர். ஆடிப் பட்டத்திற்கு மழை வரும் வரையில் வீட்டுச் செலவை நடத்துவது அந்தக் கூலிதான். நமது பஞ்சாயத்துகளில் போடப்படும் சாலைக்கும், கட்டப்படும் பள்ளிக்கூடத்திற்கும், மேல்நிலைத் தொட்டிக்கும் ஜல்லியும் எம்.சாண்டும் வருவது அங்கிருந்துதான். கனிமத்திற்கு அரசு வசூலிக்கும் சீனியரேஜ் தொகையில் ஒரு பங்கு பஞ்சாயத்து நிதிக்கும் வந்து சேர்கிறது. இவ்வாறு ஊர்ப் பிழைப்போடு பின்னிக் கிடக்கும் ஒரு தொழிலைப் பற்றி, அதில் ஓர் உயிர் போகும் நாள் வரையில் ஊரார் ஒன்றும் பேசுவதில்லை. உயிர் போன பின்னர் பேசுவது பெரும்பாலும் இழப்பீட்டைப் பற்றியே. அதற்கு முன்பே காண வேண்டியவை எவை, கண்டதை எவரிடம் எவ்வாறு சொல்வது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கம் என்றவுடன் பூமிக்குள் இருட்டுக் குகையே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால், வானம் தெரியத் தோண்டப்படும் பள்ளமும் சட்டத்தின்படி சுரங்கமே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பெரும்பள்ளமும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சுரங்கமும், சேலத்து வெள்ளைக்கல் சுரங்கமும், நம் ஊர்க் கோடியில் நாலு பேர் வேலை செய்யும் கருங்கல் குவாரியும் இந்த ஒரே இனத்தைச் சேர்ந்தவை. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இவற்றையெல்லாம் ஆண்டுவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே, “இது சும்மா கல்லுடைக்கும் இடம்தானே, இதற்கு என்ன சட்டம்?” என்று எவரேனும் கூறுவாராயின் அது சரியன்று.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை நினைவுகூர்வோம். 2022 மே 14ஆம் தேதி நள்ளிரவில், திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள குவாரியொன்றில் பெரும்பாறை சரிந்தது. உள்ளே ஆறு பேர் சிக்கினர். அவர்களுள் நால்வர் மாண்டனர். மீட்கச் சென்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், மேலும் மேலும் பாறை சரிந்தமையால், வேலையை நிறுத்தி நிறுத்தித் தொடர வேண்டியதாயிற்று. கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் சென்றது. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே குவாரிக்குரிய வெடிமருந்துக் கிடங்கில் நேர்ந்த வெடிப்பில் மூவர் உயிரிழந்தனர். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர் இறந்தனர். இவை பத்திரிகைகளில் வந்தவை. ஒருவர் காலை இழந்ததும், மற்றொருவர் மூச்சு முட்டிப் பத்தாண்டுகளில் மெல்ல இறந்ததும் பத்திரிகைக்கு வருவதில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். அது எனக்குப் பெருமை தருவதன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் பணியாற்றியபோது, சாலை வேலைக்கு வரும் ஜல்லியின் தரத்தைப் பார்ப்பதற்காக ஒரு குவாரிக்குச் சென்றேன். ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளி ஒருவர் என்னருகே வந்து, மேல் விளிம்பைச் சுட்டிக்காட்டி, “ஐயா, அந்த வெடிப்பைப் பாருங்கள். போன அமாவாசைக்கு அதில் என் விரல் நுழையவில்லை. இப்போது உள்ளங்கை நுழைகிறது” என்றார். “மேஸ்திரியிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன். “சொன்னால், பயந்தவன் நாளை முதல் வர வேண்டாம் என்பார், ஐயா” என்று விடையளித்தார். நான் தலையை ஆட்டினேன். இது நம் இலாகாவின் வேலையன்று என்று எண்ணி, ஜல்லியின் அளவைக் குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். பன்னிரண்டாம் நாள், இரவெல்லாம் பெய்த மழைக்குப் பின்னர், விடியற்காலையில் அப்பாறை இறங்கியது. கீழே லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த இருவருள் ஒருவருக்கு வலது கால் போயிற்று. அன்று ஒரு கடிதம் எழுத எனக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்திருக்கும்.

அந்தத் தொழிலாளிக்கு நிலநூல் தெரியாது. ஆயினும் அபாயத்தை மிகச் சரியாகக் கண்டார்; இரண்டு அமாவாசைகளுக்கிடையே அளந்தும் வைத்திருந்தார். அவர் கண்டதை வாங்கிக்கொள்ள ஓர் ஆளில்லாமற் போயிற்று. குவாரி விபத்துக்களைப் பற்றி நான் அறிந்த மட்டில், குறை பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

பாறைச் சுவரின் அடையாளங்கள்

குவாரியில் முதற்கண் பார்க்க வேண்டியது சுவரைத்தான். வெளிப்பார்வைக்குப் பாறை ஒரே கட்டியாகத் தோன்றும். உண்மையில் அதனுள் இயற்கையாகவே பல திசைகளில் பிளவுகள் ஓடுகின்றன. இப்பிளவுகள் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்திருக்குமாயின், மேற்பாறை சறுக்குப் பலகையில் வைத்த பெட்டியைப் போல் நிற்கிறது. அடியில் உள்ள கல்லை எடுத்தால் தாங்குவது போய்விடும். மழைநீர் பிளவுக்குள் இறங்கினால் பக்கவாட்டில் தள்ளும். இடையிலுள்ள களிமண்ணை வழுக்கலாக்கும். ஒவ்வொரு வெடியும் பிளவைச் சிறிது அகலமாக்கும். இம்மூன்றும் ஒன்று சேரும் வேளையில் பாறை இறங்குகிறது. ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை இரண்டரை டன்னுக்கு மேற்படும். 60 அடி உயரத்திலிருந்து விழும் கல் இரண்டு வினாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை நெருங்கும். ‘ஓடு’ என்று கூவுவதற்குக்கூட அந்த நேரம் போதாது.

ஆகையால், முன்கூட்டியே தோன்றும் குறிகளை அறிந்திருத்தல் வேண்டும். மேல் விளிம்பிற்குச் சமமாக நீண்டோடும் புது வெடிப்பு, சுவரிலிருந்து காரணமின்றிச் சிறு கற்களும் பொடியும் உதிர்தல், பழைய சுவரில் நேற்றில்லாத வெளிர் நிறத் தழும்பு, முன்பு உலர்ந்திருந்த இடத்தில் நீர்க்கசிவு, விளிம்பருகே இருந்த மரமோ வேலிக்காலோ சாய்ந்து காணல் ஆகியவை முக்கியமானவை. வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய எளிய வழியுண்டு. அதன் இருபுறமும் வண்ணப் பூச்சால் இரண்டு புள்ளிகள் இட்டு, நாள்தோறும் இடைவெளியை அளந்து எழுதிவர வேண்டும். கடப்பாரையால் பாறையைத் தட்டிப் பார்ப்பது பழைய பழக்கம். கெட்டிப் பாறை கணீரென ஒலிக்கும். விட்டுப்போன பாறை பொத்தலான மேளம்போல் பொத்தென்னும். அத்தகைய கல்லை மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கியே தள்ளிக் கழிக்க வேண்டும். கழிப்பவர் பக்கவாட்டில் நின்று, இடுப்பில் பட்டியும் கயிறும் கட்டி, பின்வாங்க வழி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வேளையில் கீழே எவரும் இருத்தலாகாது.

சுவர் எவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்பதற்கு 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைகள் வகுத்த அளவுகளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கண்ணளவாகக் கொள்ளலாம். மண், சரளை போன்ற இளகிய நிலத்தில் பக்கங்கள் 45 பாகைக்கு மேற்படாத சரிவாக இருத்தல் வேண்டும். அல்லது ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு மேற்படாத படிகளாக வெட்டப்பட வேண்டும். கெட்டிப் பாறையிலும் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு, அதாவது சுமார் 20 அடிக்கு, மேற்படலாகாது. விளிம்பிலிருந்து 3 மீட்டர் தூரத்திற்குள் மரமோ, தனிக்கல்லோ, கழிவுக் குவியலோ இருத்தலாகாது. அடியைக் குடைந்து மேற்பாறையைத் தொங்கவிடுதல் அறவே கூடாது. பெரிய யந்திரங்களைக் கொண்டு வேலை செய்யுமிடத்தில் வேறு அளவுகளுக்கு உரிய அனுமதி பெற்றிருக்கக்கூடும்; அவ்வாறாயின் அந்த அனுமதியைக் கேட்டுப் பார்க்கலாம்.

படி வெட்டாததற்குக் காரணம் அறியாமையன்று. குத்தகைக்குக் கிடைத்த நிலம் சிறிது. படிக்காக விடும் கல் அவ்வளவும் நஷ்டம் என்று குத்தகைதாரர் எண்ணுகிறார். ஆதலால் பக்கவாட்டில் விரியாமல் பள்ளம் கிணறுபோல் நேரே இறங்குகிறது. அதனடியில் நிற்கும் கூலியாளின் தலைக்கு மேல் ஒரே செங்குத்துச் சுவர் எழும்புகிறது. சாலையிலிருந்து எட்டிப் பார்க்கும் எவருக்கும் இது தெரியும். படிகளே இல்லாமல் பத்து ஆள் உயரத்திற்குச் சுவர் நிற்குமாயின், வேறொரு சோதனையும் தேவையில்லை. அதை எழுதித் தெரிவிக்கலாம்.

மருந்தும் வெடியும்

குவாரியில் மருந்து என்றால் நோய் தீர்க்கும் மருந்தன்று. ஜெலட்டின் குச்சியையும் மற்ற வெடிபொருள்களையும் அவ்வாறு அழைக்கின்றனர். இதனைக் கையாளுவதற்குச் சான்றிதழ் பெற்றவரே உரியவர். தோட்டாவையும் டெட்டனேட்டரையும் ஒரே பெட்டியில் வைப்பதும், ஒரே வண்டியில் கலந்து ஏற்றுவதும், பீடி பற்றவைத்த கையோடு அருகில் செல்வதும் பெருங்கேட்டை விளைவிப்பன. இடி மின்னல் அறிகுறி தோன்றினால் குழிகளில் மருந்து நிரப்புவதை நிறுத்தி, அனைவரும் அகன்றுவிட வேண்டும்.

வெடிக்கும் நேரம் மட்டுமன்றி வெடித்த பிந்திய நேரமும் பலரைப் பலி கொள்கிறது. பத்துக் குழிகளுக்குத் தீ வைத்து ஒன்பது ஓசை மட்டும் கேட்டால், ஒன்று உயிரோடிருக்கிறது என்பது பொருள். உடனே ஓடிச்சென்று பார்க்கலாகாது. குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெடிக்காத மருந்தைக் கம்பியால் நோண்டி எடுப்பதோ, அக்குழியிலேயே மீண்டும் துளைப்பதோ தற்கொலைக்கு ஒப்பாகும். சான்றிதழ் பெற்றவர் சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக வேறொரு குழி போட்டுத்தான் அதனைத் தீர்க்க வேண்டும். வேலை மாறும் நேரத்தில், ‘இன்ன இடத்தில் ஒன்று வெடிக்கவில்லை’ என்று போகிறவர் வருகிறவரிடம் வாயாலும் எழுத்தாலும் சொல்லிச் செல்லுதல் மிக அவசியம். சொல்லாமற் போன அந்த ஒரு சொல்லால் மறுநாள் காலை துளையிடும் யந்திரத்தோடு ஒருவர் சிதறிப்போனார் என்னும் செய்தி நாட்டில் புதிதன்று.

குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலிலோ வரப்பிலோ கம்பி நீண்ட சிறு உலோகக் குழல் கிடந்தால் அது டெட்டனேட்டராக இருக்கக்கூடும். அதனைக் கையால் எடுக்காமலும், பிள்ளைகளை அண்டவிடாமலும் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வெடி நேரம், சங்கொலி, சிவப்புக் கொடி ஆகியவற்றை ஊரில் தண்டோரா மூலமேனும் ஒலிபெருக்கி மூலமேனும் தெரியப்படுத்துமாறு குவாரிக்காரரைக் கேட்கப் பஞ்சாயத்திற்கு முழு நியாயமுண்டு. தமிழ்நாட்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் (1959) குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் எடுக்கக் குத்தகை வழங்குவதைத் தடை செய்கின்றன. இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. குவாரிக்கு அருகே மனை பிரித்து விற்க வருபவர்களுக்குப் பஞ்சாயத்து எளிதில் இணங்கிவிட்டு, பின்னர் வெடிச் சத்தத்தைக் குறைகூறுவதை நான் ஓரிரு இடங்களில் கண்டிருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

மேற்கூறிய அபாயங்கள் ஒரு நொடியில் நிகழ்வன. தூசியோ பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கருங்கல்லிலும் வெண்கல்லிலும் சிலிக்கா என்னும் பொருள் கலந்துள்ளது. ஜாக்ஹாமரால் துளைக்கும்போதும் கிரஷரில் அரைக்கும்போதும் எழும் புழுதியில் கண்ணுக்குத் தெரியும் பெருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நுண்துகள்களே நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அங்கே அவை கரைவதில்லை. அவற்றைச் சுற்றித் தழும்பு வளர்ந்து, நாளடைவில் நுரையீரல் விரிந்து சுருங்கும் இயல்பை இழக்கிறது. இதுவே சிலிக்கோஸிஸ். இதற்குக் குணமளிக்கும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பின்னரும் நோய் வளர்வதுண்டு. இந்நோயுற்றவருக்குக் காசநோய் எளிதில் தொற்றுகிறது. இருமல், இளைப்பு, எடை குறைதல் ஆகிய அடையாளங்கள் ஒத்திருப்பதால், காசநோய் என்றே கருதி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, குணமாகவில்லையே என்று வருந்துவோரும் உளர். ஆதலால், மருத்துவரிடம் செல்லும் குவாரித் தொழிலாளி முதலில் சொல்ல வேண்டியது, தாம் எத்தனை ஆண்டு கல்வேலை செய்தார் என்பதைத்தான்.

முகத்தில் சுற்றிய துண்டு பெருந்துகளைத் தடுக்கும். ஆளைக் கொல்லும் நுண்துகளைத் தடுக்காது. மாலையில் வெல்லம் தின்றால் தூசி கரைந்துவிடும் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வெல்லம் போகும் வழி வேறு, தூசி போன வழி வேறு. அதனை நம்பித் தூசியில் நிற்கலாகாது. தூசி எழும் இடத்திலேயே அதனை அடக்குவதுதான் செய்யத்தக்கது. துளையிடும் முனையில் நீர் பாய்ச்சி ஈரத்தில் துளைத்தல், நீரில்லாத இடத்தில் துளையின் வாயிலேயே தூசியை உறிஞ்சும் கருவி பொருத்துதல், கிரஷரின் வாயையும் பட்டையையும் மூடி நீர் தெளித்தல், பாதையை நனைத்தல் ஆகியவை முறைகளாகும். இவற்றிற்கு மேற்கொண்டுதான் முகத்தோடு நன்கு பொருந்தும் வடிகட்டி முகமூடி. வேலையில் சேரும்போதும், பின்னர் குறித்த காலங்களிலும் மார்பு எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனையைத் தொழிலாளியிடம் காசு வாங்காமல் செய்விப்பது முதலாளியின் கடமை. நம் ஊரில் இது நடந்திருக்கிறதா என்பதை அறிய, நாலு தொழிலாளர்களைக் கேட்டாலே போதும்.

வண்டிகளைப் பற்றியும் கிரஷரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். பின்னோக்கி வரும் டிப்பரின் ஓட்டுநருக்கு வண்டியின் பின்புறம் தெரியாது. எனவே பின்னோக்கு ஒலியும், கைகாட்டும் ஆளும் தேவை. பள்ளத்தை ஒட்டிய பாதையின் ஓரத்தில் சக்கரத்தின் அச்சு உயரத்திற்கேனும் மண் அணை இருந்தால்தான் வழுக்கிய வண்டி அதில் தட்டி நிற்கும். ஓடும் பட்டைக்கும் சக்கரத்திற்கும் கம்பி வலைக் கூண்டு வேண்டும். சேலைத் தலைப்பையும் துண்டின் நுனியையும் யந்திரம் பற்றி இழுத்துவிட்டால் கையைத் தப்பவிடாது. நின்ற யந்திரத்தில் அடைப்பு எடுக்கும்போது சுவிட்சைப் பூட்டிச் சாவியை எடுப்பவரே தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு முன் ஐந்து நிமிஷப் பேச்சு

இனி, கண்டதைச் சொல்லும் காரியத்திற்கு வருவோம். பெரிய சுரங்கங்களில் ஒவ்வொரு முறைவேலைக்கு முன்னும் மேற்பார்வையாளர் தம் ஆட்களைக் கூட்டி ஐந்து நிமிஷம் அன்றைய அபாயங்களைப் பற்றிப் பேசும் வழக்கமுண்டு. 100 தொழிலாளருக்குக் குறையாத சுரங்கங்களில் பாதுகாப்புக் குழுவும் இருத்தல் வேண்டும். நம் கிராமத்துக் குவாரிகளோ பத்து, இருபது பேர் உள்ளவை. அவற்றிற்குக் குழு கிடையாது. ஆயினும் பத்துப் பேர் பேசிக்கொள்வதற்குக் குழு எதற்கு?

பேசும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேஸ்திரி நின்றுகொண்டு, “எல்லாம் சரிதானே?” என்று கேட்டால், “சரிங்க” என்ற பதிலைத் தவிர வேறு வராது. “நேற்றைக்கும் இன்றைக்கும் சுவரில் என்ன வேற்றுமை பார்த்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். “இன்று எவர் எங்கே நிற்கப் போகிறீர்கள்? உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது? கல் உருண்டால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். வயதில் மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளைஞர் வாய் திறப்பதில்லை. ஆதலால் புதிதாக வந்தவரை முதலில் பேசவிடுவது நல்லது. ஒருவர் சொன்ன குறையை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, மறுநாள் காலையில் முதல் வேலையாக, ‘நேற்று இன்னார் சொன்னது இவ்வாறு சரிசெய்யப்பட்டது, அல்லது இன்ன காரணத்தால் இன்னும் ஆகவில்லை, அதுவரையில் அங்கே எவரும் போக வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் சொல்லியும் விடை வராத இடத்தில் நான்காம் நாள் எவரும் பேசமாட்டார்.

இதற்கு இடையூறுகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல குவாரிகளில் கூலி லோடு கணக்கில் கொடுக்கப்படுகிறது. நின்று பேசும் ஐந்து நிமிஷமும், கல் கழிக்கும் ஒரு மணி நேரமும் தொழிலாளிக்கு நஷ்டமாகப் படுகின்றன. அந்நேரத்திற்குக் கூலி தருவதாகக் குத்தகைதாரர் ஒப்புக்கொண்டாலன்றி இது நிலைக்காது. ஒரிஸா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய இடங்களிலிருந்து வந்துள்ள தொழிலாளரின் மொழி மற்றொரு தடை. பாதி ஆட்களுக்குப் புரியாத பேச்சினால் பயனில்லை. அவர்களுள் தமிழ் அறிந்த ஒருவரைக் கொண்டு அவர்கள் மொழியிலும் சொல்லச் செய்து, விசில் எத்தனை முறை ஊதினால் என்ன பொருள் என்பதை நடத்திக் காட்ட வேண்டும். எல்லாவற்றினும் பெரிய தடை, ‘பயந்தவன்’ என்னும் ஏளனம். எனக்குச் சொன்ன அந்த முதியவர் அஞ்சியது பாறைக்கன்று, இச்சொல்லுக்கே.

சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. மேற்கூறிய 2020ஆம் ஆண்டின் சட்டப்படி, தம் வேலையிடத்துப் பாதுகாப்பைப் பற்றிய விவரங்களை முதலாளியிடம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமான அச்சம் தோன்றுமாயின், அதனை முதலாளிக்கும், அதே வேளையில் ஆய்வு அதிகாரிக்கும் தெரிவிக்கலாம். முதலாளி உடனே பரிகாரம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரப்பட வேண்டும். பதிவேட்டில் பெயரில்லாத ஆள் விபத்தில் இறந்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதை நிரூபிப்பதே அவர் மனைவிக்குப் பெரும்பாடாகிவிடும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளைச் சுரங்க வேலையில் வைத்தலாகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். பள்ளி விடுமுறையில் தகப்பனோடு ‘சும்மா’ வரும் பையனும் இதில் அடங்குவான்.

எவரிடம் எழுதுவது?

பஞ்சாயத்து அங்கத்தினர் பலர் இவ்விடத்தில் திகைக்கின்றனர். குத்தகை, அளவு, எல்லை ஆகியவற்றிற்கு மாவட்ட ஆட்சியரும் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அதிகாரியும் உரியவர்கள். வேலை செய்வோரின் பாதுகாப்பிற்கு உரியது மத்திய சர்க்காரின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கி, 1908இல் தன்பாத்திற்கு மாறிய பழைய இலாகா அது. சென்னையிலும் அதன் அலுவலகம் உண்டு. வெடிமருந்து உரிமத்திற்கு வேறொரு மத்திய இலாகா; தூசிக்கும் சத்தத்திற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எது எவருக்கு என்று பிரித்தறிவதில் நாட்களைக் கழிக்க வேண்டாம். ஆட்சியருக்கு எழுதி, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திற்கு நகல் அனுப்பினால் உரிய இடத்திற்குச் சேரும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்தாலும் அவர் அனுப்பிவைப்பார். ‘இது நம் இலாகாவன்று’ என்று என்னைப்போல் அவர் ஜீப்பில் ஏறாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

“குவாரியை மூடிவிட்டால் ஊருக்கு வருமானம் போய்விடுமே” என்று அங்கத்தினர்கள் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமான கவலை. ஆனால் படி வெட்டச் சொல்வதும், தூசிக்கு நீர் தெளிக்கச் சொல்வதும் மூடச் சொல்வதாகாது. ஆட்கள் இறந்த குவாரிகளே உத்தரவினால் மூடப்படுகின்றன. மே முதல் தேதி தொழிலாளர் தினத்தன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டம் இதனைப் பேசுவதற்கு ஏற்ற தருணம். அதற்கு முந்திய வாரத்தில் குவாரித் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் தனித்தனியே சந்தித்துப் பேசிவிட்டு, கூட்டத்தில் எவருடைய பெயரையும் வெளியிடாமல் குறைகளை மட்டும் படிப்பது நலம். பெயரைச் சொன்னால் அந்தத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இராது.

கைவிடப்பட்ட குவாரிகளையும் விட்டுவிடலாகாது. மழைநீர் நிரம்பிய இப்பள்ளங்களில் குளிக்க இறங்கும் பிள்ளைகள், ஓரடி வைத்ததும் அடி தெரியாத ஆழத்தில் விழுகின்றனர். செங்குத்துச் சுவரில் பற்றி ஏறப் பிடிப்புக் கிடையாது. வேலியும் எச்சரிக்கைப் பலகையும், ஒரு பக்கமேனும் ஏறிவர இறக்கப்பட்ட சரிவும் கோரிப் பஞ்சாயத்து தீர்மானம் இயற்ற வேண்டும்.

கடிதம் எழுதுங்கால், ‘குவாரியில் பாதுகாப்பு இல்லை’ என்று பொதுவாக எழுதினால் அதன்மேல் எவரும் ஒன்றும் செய்ய இயலாது. சர்வே எண், கிராமம், கண்ட தேதி, நேரம், எந்தத் திசைச் சுவர், உத்தேச உயரம், படி உண்டா இல்லையா, வெடிப்பு எத்தனை அடி நீளம், அதனடியில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் ஆகியவற்றைக் குறித்து, தூரத்தில் நின்றெடுத்த புகைப்படம் ஒன்றையும் இணைக்க வேண்டும். படமெடுப்பதற்காக விளிம்பருகே செல்ல வேண்டாம். நகலைப் பஞ்சாயத்துக் கோப்பில் வைத்து, பதினைந்து நாட்களுக்குப் பின் மறுபடியும் சென்று பார்த்து, கண்டதை அதே கோப்பில் தேதியுடன் எழுதி வைக்கவும்.